மறைக்காமல் நினைத்தல்



ஒருவர் மறைந்தபின் அவரை நினைவுகூர்வதற்கு உலகத்தில் பல சாதனங்கள் இருக்கின்றன. உத்தியோகம் பார்த்தவரென்றால் அவர் கையெழுத்திட்ட காகிதங்கள் இருக்கும். வியாபாரம் செய்தவரென்றால் கணக்குப் புத்தகங்கள் இருக்கும். நூல் எழுதியவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இவற்றில் ஒன்றுமே இல்லாத சாமானியருக்குக்கூட மக்களும் பேரர்களும் பிறந்து, அவருடைய மூக்கையும் நடையையும் குரலையும் இன்னும் இரண்டு தலைமுறைக்காவது தாங்கி நிற்பார்கள். ஆனால், எழுதவும் படிக்கவும் வராமல், ஒரு காசு சம்பாதிக்காமல், மணம் செய்துகொள்ளாமல், சில வேளை நாலு வார்த்தை கோவையாகப் பேசவும் இயலாமல், பிறந்த வீட்டிலேயே ஆயுள் முழுவதையும் கழித்துவிட்டு மறைகிறார்களே, மனவளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்தவர்கள், அவர்களுக்கு இந்தச் சாதனங்களில் எதுவும் இல்லை. அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு உள்ள சாட்சியம் அவர்களோடு வாழ்ந்தவர்களின் ஞாபகம் ஒன்றே. அந்த ஞாபகம் மங்கினால், ஒரு மனிதப் பிறவி முழுவதுமே இல்லாததுபோல் ஆகிவிடும்.

ஆகவே, நம் குடும்பங்களில் இருந்து நம்மால் நேசிக்கப்பட்டு மறைந்த இத்தகையவர்களை நாம் எப்படி நினைக்க வேண்டும் என்பதையே இன்றைய விஷயமாக எடுத்துக்கொண்டேன். மறைக்காமல் நினைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. அப்படி மறைக்காமல் நினைத்த சில குடும்பங்களின் சரித்திரத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், அவர்களுடைய சொந்தத் துக்கத்திலிருந்து உலகத்துக்கே பயன்படும் காரியங்கள் பிறந்தன.

அதற்கு முன், எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சாவூர் ஜில்லாவில் காவிரிக் கரையில் இருந்த எங்கள் பூர்விக வீட்டில், என் தகப்பனாருக்கு இளையவரான ஓர் அத்தை இருந்தார். ஊரார் அவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'கொஞ்சம் விவரம் போதாது' என்பார்கள். அவர் பேசுவது வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் விளங்கும். ஆனால், பந்திக்கு இலை போடுகிற காரியத்தில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஒருவரும் கிடையாது. வாழை இலையைக் கழுவி, ஈரத்தை உதறி, நுனி சாப்பிடுகிறவருடைய இடக்கைப் பக்கம் வரும்படி ஒரே வரிசையாகப் போட்டுக்கொண்டு போவார். வேறு யாராவது அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டால், எங்கிருந்தாலும் வந்து அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் மறு காரியம் பார்ப்பார். யாருக்குப் பெரிய இலை வேண்டும், யார் தூணோரம் உட்கார்வார், எந்தக் குழந்தைக்குக் கிழிசல் இலை கண்டால் அழுகை வரும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

என் பெரியப்பா காலமானபோது, அத்தைக்கு என்ன தெரியப்போகிறது என்று எண்ணி, அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காரியங்களெல்லாம் முடிந்து வீடு பழையபடி ஆன பிற்பாடு, பெரியப்பா வழக்கமாக உட்காரும் தூணோரத்தில் அத்தை தினந்தோறும் ஓர் இலையைப் போட ஆரம்பித்தார். அதை எடுக்கப் போன பெண்களைப் பாட்டி தடுத்து, "அவ போடட்டும், எடுக்காதீங்கோ" என்றார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை அந்த வெறும் இலை அப்படியே இருக்கும்; கடைசியில் அத்தையே எடுத்துக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோவார். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் தாமாகவே நிறுத்திவிட்டார். துக்கம் காப்பதற்கு எங்களுக்கெல்லாம் சாஸ்திரமும் வழக்கமும் வழி சொல்லியிருந்தன. அத்தைக்கு ஒருவரும் சொல்லாததால், தம்முடைய துக்கத்துக்கு ஒரு முறையைத் தாமே ஏற்படுத்திக்கொண்டார் என்றுதான் நான் கருதுகிறேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை நாம் நினைக்கிறோம் என்று பேசுகிறோமேயொழிய, அவர்களும் நம்மை நினைக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் மோரீன் ஆஸ்வின் என்ற அம்மையார் இத்தகையவர்கள் உற்றாரை இழக்கும்போது என்ன ஆகிறார்கள் என்பதை ஆராய்ந்து 1991-இல் ஒரு நூல் வெளியிட்டார். மரணச் செய்தி அவர்களிடமிருந்து மறைக்கப்படுவதும், துக்கத்தினால் அவர்களுடைய நடத்தை மாறும்போது அது குறைபாட்டின் கோளாறென்றே கொள்ளப்படுவதும், தாய் இறந்த சில நாட்களுக்குள்ளேயே பழகிய வீட்டைவிட்டு அவர்கள் வேறிடம் அனுப்பப்படுவதும் அந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்டன. அன்பு வைப்பதற்கும் பிரிவுக்கு வருந்துவதற்கும் கூர்மையான புத்தி வேண்டுவதில்லை. இந்த உண்மையை ஒப்புக்கொண்டால்தான், மறைந்தவரை ஒரு முழு மனிதராக நினைக்க நமக்கு யோக்கியதை உண்டாகும்.

இனி, குடும்பங்கள் ஏன் இவர்களை மறைத்தன என்று பார்ப்போம். அன்பில்லாமல் மறைத்தவர்கள் சிலரே. பயத்தால் மறைத்தவர்களே பெரும்பாலோர். தங்கைக்கு வரன் பார்க்க வருகிறவர்கள், அண்ணன் இப்படி என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்களே என்ற பயம்; வம்சத்தில் ஒரு களங்கம் உண்டென்று ஊர் பேசுமே என்ற பயம். இந்தப் பயம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டில் விஞ்ஞானத்தின் பெயராலேயே அது வளர்க்கப்பட்டது. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்து வைன்லாண்ட் என்ற ஊரில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஹென்றி காடர்ட் என்பவர், அப்பள்ளியில் வசித்த ஒரு பெண்ணின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாகத் தேடி எழுதி, மந்தபுத்தியும் வறுமையும் குற்றமும் ரத்தத்தின் வழியே இறங்கி வருகின்றன என்று ஸ்தாபிக்கும் புத்தகமொன்றை 1912-இல் வெளியிட்டார். அதன் ஆதாரங்கள் பழுதானவை என்பது பிற்பாடு தெளிவாயிற்று. ஆனால், அதற்குள் அந்தக் கொள்கை நாடெங்கும் பரவி, இத்தகையவர்களுக்குப் பலவந்தமாகக் கருத்தடை செய்யும் சட்டங்களுக்கு வலுவூட்டியது. 1927-இல் அமெரிக்க உச்சநீதிமன்றமும் அத்தகைய சட்டமொன்றை ஏற்றது. ஒரு குடும்பத்தின் சந்ததிகளையெல்லாம் ஏட்டில் எழுதி வைத்து இகழ்ந்த காலத்தில், தாய்மார்கள் தங்கள் குழந்தைகளைக் கதவுக்குப் பின்னால் வைத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

விதியின் விசித்திரத்தைப் பாருங்கள்: அந்த வைன்லாண்ட் பள்ளிக்குத்தான் 1929-ஆம் வருஷம் ஒரு தாய் தம் ஒன்பது வயது மகளை அழைத்து வந்து ஒப்படைத்தார். அந்தத் தாயின் பெயர் பேர்ல் பக். கிறிஸ்துவ சமயப் பிரசாரகர்களான பெற்றோருடன் சீனாவில் வளர்ந்து, விவசாயப் பொருளாதார நிபுணர் ஒருவரை மணந்து, சீனாவிலேயே வாழ்ந்துவந்த அவருக்கு, 1920-இல் காரல் என்ற பெண்குழந்தை பிறந்தது. பொன்னிறக் கூந்தலும் நீல விழிகளும் கொண்ட அழகான குழந்தை. ஆனால், பேச வேண்டிய பருவத்தில் பேச்சு வரவில்லை. தோலில் ஓயாத கரப்பான். உடம்பில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வாசனை. தாய்க்கோ அந்தப் பிரசவத்துக்குப் பிறகு நடந்த சிகிச்சையால் இனிக் குழந்தை பிறக்க வழியில்லாமற் போயிற்று.

சீனத்து ஜனங்கள் குழந்தையின் குறையை ஒளிவுமறைவின்றிக் கேட்பார்கள். அதனால் எவரும் அவமானம் அடைவதில்லை. நொண்டி நடப்பவரையும் கண் தெரியாதவரையும் எப்படித் தெருவிலும் வீட்டிலும் சேர்த்துக்கொண்டார்களோ, அப்படியே காரலையும் சேர்த்துக்கொண்டார்கள். 1927-இல் நான்கிங் நகரத்தில் கலகம் மூண்டு வெளிநாட்டாரைத் தேடித் தாக்கியபோது, ஏழைச் சீனப் பெண் ஒருத்தி தன் சிறு குடிசையில் பேர்ல் பக்கின் குடும்பத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள். அந்த இருட்டறையில் காரலும் இருந்தாள். ஷாங்காய் வீதியில் தம் சொந்த தேசத்தாரான இரண்டு இளம்பெண்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு இழிவாகச் சொன்ன ஒரு சொல்தான், மகளைப் பிறர் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதன்முதலில் அந்தத் தாயின் மனத்தில் உண்டாக்கியது.

வைத்தியர் வைத்தியராக அலைந்தபின், அமெரிக்காவில் பிரசித்திபெற்ற மேயோ மருத்துவ நிலையத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோனார். அங்கே ஒரு வைத்தியர் இதமாக, நம்பிக்கைக்குக் கொஞ்சம் இடம் வைத்துப் பேசி அனுப்பினார். வெளியே நடைவழியில் வேறொரு வைத்தியர் அவரை நிறுத்தி, இந்தக் குழந்தை ஒருநாளும் மற்றக் குழந்தைகளைப்போல ஆகாது, வீண் நம்பிக்கையில் உங்கள் வாழ்நாளைக் கரைத்துவிடாதீர்கள் என்று ஈவிரக்கமின்றிச் சொல்லிவிட்டார். நெஞ்சைப் பிளந்த அந்தச் சொல்லுக்காகவே அவருக்குத் தாம் என்றென்றும் கடமைப்பட்டிருப்பதாகப் பேர்ல் பக் பிற்காலத்தில் எழுதினார். குணப்படுத்த முடியாது என்று தெளிந்த பிறகுதான், தமக்குப் பின் இவளை யார் காப்பார்கள் என்ற கேள்வியை அவரால் நேருக்கு நேர் சந்திக்க முடிந்தது.

அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் அவர் வைன்லாண்டைத் தேர்ந்தார். காடர்ட் அங்கிருந்து போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. குழந்தைகளின் சந்தோஷமே முதல், மற்றவை பின்னால் வரும் என்ற கொள்கை அங்கே நடைமுறையில் இருந்தது. கடன் வாங்கி மகளைச் சேர்த்தார். அந்தச் செலவுக்குப் பணம் தேடுவதற்காகவே முனைந்து எழுதினார். 1931-இல் 'நல்ல நிலம்' என்ற நவீனம் வெளிவந்தது. மறுவருஷம் புலிட்சர் பரிசும், 1938-இல் நோபல் பரிசும் கிடைத்தன. அந்த நவீனத்தில் வாங் லுங் என்ற குடியானவனுக்குப் புத்தி வளராத ஒரு மகள் உண்டு. தான் செத்தபின் இவளை யார் காப்பார்கள் என்று கலங்கி, விஷத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தன்னிடம் பரிவுள்ள ஓர் இளம்பெண்ணிடம் அதைக் கொடுக்கிறான் அந்தக் கிழவன். அவளோ, விஷத்தைக் கொடுக்க மாட்டேன், நானே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். லட்சக்கணக்கானவர்கள் இதைப் படித்தார்கள். கதையில் வரும் அந்தப் பேதைப்பெண்ணுக்குப் பின்னால் ஆசிரியையின் வயிற்றில் பிறந்த மகள் இருக்கிறாள் என்பது நெடுங்காலம்வரை வெளியுலகத்துக்குத் தெரியாது.

1950-இல் பேர்ல் பக் மௌனத்தைக் கலைத்தார். அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்றில் மகளின் வரலாற்றை விரிவாக எழுதினார். உடனே அது புத்தகமாகவும் வந்தது. உலகப் புகழ்பெற்ற ஒருவர் தம் குழந்தையின் மனவளர்ச்சிக் குறைபாட்டைப் பகிரங்கமாகச் சொல்வது அக்காலத்தில் கேள்விப்படாத விஷயம். தேசமெங்குமிருந்து தாய்தந்தையர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த நூலில் காரல் அனுதாபத்துக்குரிய ஒரு பொருளாக வரவில்லை. விருப்பு வெறுப்புள்ள ஒரு பெண்ணாக வருகிறாள். உயர்ந்த சங்கீதத்தைக் கேட்டால் அசையாமல் உட்கார்ந்து ரசித்ததையும், மலிவான பாட்டுகளை வெறுத்து ஒதுக்கியதையும் தாய் பெருமையோடு சொல்கிறார். மறைக்காமல் நினைப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காரலின் குறைபாட்டுக்குக் காரணம் இன்னதென்பதும் காலக்கிரமத்தில் தெரிந்தது. நார்வே தேசத்தில் போர்க்னி ஏக்லாண்ட் என்ற தாய், தம் இரு குழந்தைகளும் வளர்ச்சி குன்றியிருப்பதற்கும் அவர்கள் மேல் வீசும் ஒரு விநோத வாசனைக்கும் காரணம் கேட்டு, வைத்தியர் ஒவ்வொருவரையும் விடாமல் தொந்தரவு செய்துவந்தார். கடைசியில், ரசாயனமும் கற்றிருந்த அஸ்ப்யோர்ன் ஃபோலிங் என்ற வைத்தியர் 1934-இல் அந்தக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். ஃபெர்ரிக் குளோரைடு விட்டதும் அது பச்சை நிறமாக மாறியது. உணவிலுள்ள ஃபினைல் அலனைன் என்ற சத்தை மாற்றும் சக்தி ஈரலுக்கு இல்லாததால், அது ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது என்பது இதன் வழியே விளங்கிற்று. ஃபினைல்கீட்டோனூரியா என்று வழங்கும் இந்த நோய்தான் காரலுக்கும் இருந்தது.

தாய், தந்தை இருவருமே தம்மையறியாமல் அதன் கூறைச் சுமந்திருந்தால்தான் இந்த நோய் குழந்தைக்கு வரும். யாருடைய பாவமும் அதில் இல்லை, யாருடைய வம்சத்துக்கும் இழுக்கில்லை. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தச் சத்தைக் குறைத்த ஆகாரத்தால் பலன் உண்டென்று காட்டினார்கள். பின்பு அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்துளியை ஒரு காகிதத்தில் ஒற்றி இந்நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையை 1960-களின் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கத்ரியின் மகன் ஒருவர் மனவளர்ச்சி குன்றியவர். அவருடைய நெருங்கிய உறவில் ஒரு பெண்குழந்தைக்கு இதே நோய். புற்றுநோய் ஆராய்ச்சியில் இருந்தவரை இந்தத் துறைக்குத் திருப்பியது அந்தக் குழந்தைகளின்மேல் வைத்த பாசமே. இன்று பல நாடுகளில் பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் இச்சோதனை செய்யப்படுகிறது; நோய் கண்ட குழந்தை தகுந்த ஆகாரத்தோடு மற்றக் குழந்தைகளைப்போலவே வளர்கிறது. காரல் 1992 வரை வாழ்ந்து மறைந்தார்.

அடுத்து, பிரெஞ்சு தேசத்தின் தலைவராக விளங்கிய ஷார்ல் தெ கோலின் குடும்பத்தைப் பார்ப்போம். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், சிரித்தறியாத முகமும், எவருக்கும் வளையாத சுபாவமும் உடைய அந்த ராணுவ வீரருக்கு மூன்றாவது குழந்தையாக, 1928-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, ஜெர்மனியிலுள்ள ட்ரியர் நகரத்தில் ஆன் பிறந்தாள். அவளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது. அதன் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. உயிரணுவில் இருபத்தோராவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்பதைப் பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1959-இல் வெளியிட்டபோது ஆன் மறைந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. பெற்றோர் அவளை எந்த விடுதிக்கும் அனுப்பவில்லை. தகப்பனாருக்கு உத்தியோகம் பெய்ரூட்டில் என்றால் அவளும் பெய்ரூட்டுக்குப் போனாள். அவளுக்கு அமைதியான இடம் வேண்டும் என்பதையும் எண்ணியே 1934-இல் கொலோம்பே என்ற சிறு கிராமத்தில் அவர்கள் ஒரு வீடு வாங்கினார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்து, கணவர் லண்டனுக்குப் போய்விட்ட நிலையில், தாய் இவான் அம்மையார் ஆனையும் மற்றக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறி இங்கிலாந்து சேர்ந்தார்.

பகலெல்லாம் தேசத்தின் மானத்துக்காகச் சர்ச்சிலோடும் ரூஸ்வெல்ட்டோடும் மல்லாடிய மனிதர், வீட்டுக்கு வந்ததும் ஆனை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுவார். கை தட்டி ஆடிக் காட்டுவார். தம் ராணுவத் தொப்பியை அவள் கையில் விளையாடக் கொடுப்பார். அவள் தெளிவாகச் சொல்லக்கூடிய சொல் தகப்பனாரை அழைக்கும் ஒரு சொல்தான். பொது வாழ்வில் அவர் எவரிடமும் காட்டாத வாத்ஸல்யத்தை அந்தக் குழந்தை ஒருத்தியிடம் காட்டினார் என்பதை அவரை அறிந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

பேர்ல் பக்கை வாட்டிய அதே கேள்வி இவர்களையும் வாட்டியது. அதற்கு விடையாக, 1945-இல் பாரிசுக்கு அருகே மிலோன்-லா-ஷாப்பெல் என்ற ஊரில் வெர்கேர் என்னும் மாளிகையை வாங்கி, வசதியற்ற குடும்பங்களில் பிறந்த வளர்ச்சிக் குறைபாடுள்ள பெண்களுக்கு ஓர் இல்லம் அமைக்க ஏற்பாடு செய்தார்கள். அதற்கு மகளின் பெயரையே சூட்டினார்கள். ஆனால், 1948 பிப்ரவரி 6-ஆம் தேதி, இருபது வயதில், மார்ச்சளியால் ஆன் காலமானாள். அடக்கம் முடிந்ததும், இனி அவளும் மற்றவர்களைப் போலத்தான் என்று தெ கோல் மனைவியிடம் சொன்னதாகச் சரித்திரக்காரர்கள் கூறுகிறார்கள். அவளுக்காக எழுந்த இல்லம் மற்றப் பெண்களுக்காக நிலைத்தது. தம் யுத்தகால நினைவுகளை எழுதியதால் வந்த வருமானத்தை தெ கோல் அந்த ஸ்தாபனத்துக்கே அளித்தார். 1952-லேயே எழுதி வைத்த இறுதி விருப்பத்தில், தமக்கு ராஜாங்க மரியாதையோடு கூடிய சவ அடக்கம் வேண்டாம், கொலோம்பேயில் மகள் ஆன் உறங்கும் குழியிலேயே தம்மையும் வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். 1970 நவம்பரில் அவர் மறைந்தபோது அப்படியே நடந்தது. நாட்டின் வீரர்கள் உறங்கும் மண்டபங்களையெல்லாம் விட்டுவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் இடம் கேட்ட அந்தத் தகப்பனை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

மூன்றாவது குடும்பம் எதிர்வழியில் சென்று, பிறகு திரும்பியது. அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் அடுத்த தங்கையான ரோஸ்மேரி, 1918-இல் பிறந்தவர், மெதுவாகக் கற்பவர், நடனத்திலும் அழகான உடைகளிலும் பிரியமுள்ளவர். தகப்பனார் லண்டனில் தூதராக இருந்தபோது, 1938-இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் தம்பதியின் முன் மற்றப் பெண்களைப்போலவே அவரும் வணங்கி நின்றார். மூன்று வருஷங்களுக்குப் பின், அவருடைய கோபதாபங்களை அடக்கலாம் என்று நம்பிய தகப்பனார், மூளையில் லொபாட்டமி என்னும் சஸ்திர சிகிச்சை செய்யச் சம்மதித்தார். அதற்குப் பிறகு இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு நடையும் பேச்சும் போய்விட்டன. விஸ்கான்ஸின் மாகாணத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லம் ஒன்றில் அவர் வாழ்ந்துவர, வெளியாருக்கு வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. குடும்பத்துக்குள்ளேயே அவருடைய பெயர் பேச்சில் வராமற் போயிற்று.

அந்த மௌனத்தை உடைத்தவர் தங்கை யூனிஸ். 1962-இல் பிரபல வாரப் பத்திரிகை ஒன்றில், எங்கள் அக்காள் மனவளர்ச்சி குன்றியவர் என்று ஊரறிய எழுதினார். அதே வருஷம் மேரிலாண்டில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே இத்தகைய குழந்தைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்தினார். 1968 ஜூலையில் சிகாகோ நகரத்து மைதானத்தில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஆரம்பமாயிற்று. நம் பாரத தேசத்துக் குழந்தைகளும் இன்று அதில் ஓடிப் பதக்கம் வாங்கி வருகிறார்கள். ரோஸ்மேரியின் பிற்காலத்தில் சகோதர சகோதரிகளின் வீடுகளுக்கு அவர் வந்துபோனார். 2005-இல் உடன்பிறந்தவர்கள் சூழ உயிர் நீத்தார்.

நம் நாட்டிலும் இந்த அறத்தை நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் சேவை ஸ்தாபனத்தின் மூலம் 1950-களிலேயே பால விஹார் தோன்றியது. 1985-இல், கடுமையான ஊனமுள்ள ஒரு மகனின் தாயான பூனம் நடராஜன் தொடங்கிய சிறு பள்ளி, இன்று வித்யாசாகர் என்ற பெரிய ஸ்தாபனமாக நிற்கிறது. எங்களுக்குப் பின் யார் என்று பெற்றோர்கள் நாடெங்கும் சேர்ந்து கேட்டதன் பலனாகத்தான், ஆட்டிஸம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு முதலியவை உள்ளவர்களுக்குச் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்க வழிசெய்யும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்று, அவற்றையுடையவர்களுக்குச் சமத்துவமும் கண்ணியமும் உரிமை என்று பிரகடனம் செய்தது. இத்தகைய குழந்தையைப் பெற்ற ஒரு தாய் அல்லது தகப்பன் வெட்கத்தை விட்டு வெளியே வந்து பேசிய பிறகுதான், இத்தகைய சட்டங்கள் பிறந்தன.

இனி, நாம் செய்யக்கூடியவை எவை? முதலாவதாக, மறைந்தவரைப் பற்றிய உண்மைகளை எழுதி வையுங்கள். 'பாவம், ஒன்றும் தெரியாது' என்ற ஒரே வாக்கியத்தில் ஒரு ஜீவனை அடக்கிவிடாதீர்கள். எந்தப் பலகாரம் பிடிக்கும், யார் வந்தால் வாசலுக்கு ஓடுவார், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார், கோபம் வந்தால் என்ன செய்வார் என்பவற்றை, அவரோடு வாழ்ந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். இரண்டாவதாக, சடங்குகளில் அவருக்குரிய இடத்தைக் கொடுங்கள். மஹாளய பக்ஷத்தில் தாய்தந்தையர் வழியாருக்குப் பிறகு, காருணிக பித்ருக்கள் என்று சிற்றப்பன், அத்தை, உடன்பிறந்தார் முதலியோரையும் சொல்லித் தர்ப்பணம் செய்யும் ஏற்பாடு நம் முன்னோர்களுடையது. சந்ததியற்றவரும் விடுபடக்கூடாது என்ற கருணையே அதன் உட்கருத்து. கிறிஸ்துவ சகோதரர்கள் கல்லறைத் திருநாளில் இவர்களுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம். எந்தச் சமயத்தாரானாலும், பேரக்குழந்தைகளிடம் குரலைத் தாழ்த்தாமல், உனக்கு இப்படி ஒரு பெரிய தாத்தா இருந்தார், இப்படி ஓர் அத்தைப்பாட்டி இருந்தாள் என்று கதை சொல்லலாம்.

மூன்றாவதும் முக்கியமானதும் ஒன்று உண்டு. மறைந்த ஒருவரை நாம் மெய்யாகவே நேசித்தோம் என்றால், அவரைப்போல இன்று உயிரோடு இருப்பவர்களிடம் அந்த நேசம் செல்ல வேண்டும். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவர்கள், அந்த வீட்டில் உள்ள அத்தகைய பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கட்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள், பெண்ணின் தம்பியைக் கண்டு எழுந்து போகாமல், அவனோடு இரண்டு வார்த்தை பேசட்டும். கோயிலிலும் ரயிலிலும் ஒரு குழந்தை உரக்கச் சத்தமிட்டால், திரும்பி முறைப்பதற்குப் பதிலாக, தாய்க்குச் சற்று இடம்விட்டு ஒதுங்கி நிற்போம். பள்ளி நடத்துகிறவர்கள் கதவைத் திறந்து வைக்கட்டும். செல்வமுடையவர்கள் இல்லங்களுக்கு உதவட்டும். இளைஞர்கள் வாரத்தில் சில மணி நேரத்தையாவது இவர்களோடு கழிக்கட்டும்.

பேர்ல் பக்கும், தெ கோல் தம்பதியும், நம் ஊரில் பெயர் தெரியாத ஆயிரம் பெற்றோர்களும் இரவில் தூக்கம் வராமல் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: எங்களுக்குப் பின் இந்தக் குழந்தைக்கு யார்? தாயும் தகப்பனும் தனியாக விடை காண முடியாத கேள்வி அது. அதற்கு விடை சொல்ல வேண்டியது சமூகம். சமூகம் என்றால் இந்தச் சபையில் வீற்றிருக்கும் நீங்களும் நானும்தான். நாங்கள் இருக்கிறோம் என்று அந்தப் பெற்றோர்கள் நம்பும்படி வாழ்ந்து காட்டுவோமானால், மறைந்த நம் அன்பர்களுக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலிகளுள் அதுவே சிறந்தது.